கணையப் புற்றுநோயும் அறுவை சிகிச்சையும்: ஆயுளை நீட்டுபவை எவை?

உடல் நலம் – கேள்வியும் விளக்கமும்

கேள்வி: என் தந்தைக்கு வயது அறுபத்தாறு. ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இரண்டு மாதங்களாக மஞ்சட்காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியமும் இருந்தார், குறையவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார் மருத்துவர். "இந்த வயதில் கத்தி வைப்பானேன்? வைத்தாலும் ஓராண்டு தாங்காது" என்கிறார் பெரியப்பா. வீட்டை விற்றாவது செய்துவிடுவோம் என்கிறான் தம்பி. அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை எவை தீர்மானிக்கின்றன?
– ஒரு மகள்

விளக்கம்: அன்புள்ள சகோதரியே, தங்கள் கடிதம் ஒரு வீட்டின் கடிதமாக இருப்பினும், இத்தகைய கேள்வி பல வீடுகளில் எழுகின்றது. ஆகவே சற்று விரிவாகவே விடை கூற விழைகின்றோம். தங்கள் தந்தையாரின் உடல்நிலையை நேரில் ஆராய்ந்த மருத்துவரே அவருக்குரிய முடிவைச் சொல்ல வல்லவர். அவரிடம் எவற்றைக் கேட்க வேண்டும், கேட்ட விடையை எவ்வாறு பொருள் கொள்ள வேண்டும் என்பதை விளக்குவதே இப்பகுதியின் நோக்கமாகும்.

சுருங்கக் கூறின், அறுவைக்குப் பிந்திய ஆயுளைத் தீர்மானிக்கும் காரணங்கள் இரு வகைப்படும். நோய் தன்னோடு கொண்டு வருபவை ஒரு வகை. அவற்றை நாம் மாற்ற இயலாது. மருத்துவமனையும் குடும்பமும் சேர்ந்து செய்பவை மற்றொரு வகை. அவை பெரும்பாலும் நம் கையில் உள்ளன. முதல் வகையைக் கண்டு அஞ்சி இரண்டாம் வகையைக் கைவிடுவதே நம் குடும்பங்களில் நேரும் பெரும் பிழை.

மறைந்திருக்கும் உறுப்பு

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சுரப்பியாகும். அதன் தலை முன்சிறுகுடலின் வளைவில் பொருந்தியிருக்கும். வால் இடப்புறம் மண்ணீரல் வரை நீளும். உணவைச் செரிக்கும் நீரையும், இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஆளும் இன்சுலினையும் சுரப்பது இதுவே.

இவ்வுறுப்பு ஆழத்தில் இருப்பதால் கட்டி சிறிதாக இருக்கும்போது கைக்குத் தட்டுப்படாது, வலியும் தராது. கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய் கணையத்தின் தலை வழியாகச் சென்று குடலில் திறக்கின்றது. ஆகவே தலைப்பகுதியில் கட்டி தோன்றினால் குழாய் நெரிந்து, பித்தம் வழியின்றி இரத்தத்தில் கலந்து, கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. இது ஒருவகையில் நன்மையே. நோய் தன்னைக் காட்டிக் கொடுக்கிறது. உடற்பகுதியிலும் வாலிலும் தோன்றும் கட்டிகளுக்கு இந்த எச்சரிக்கை மணி கிடையாது. அவை பெரும்பாலும் காலந்தாழ்ந்தே கண்டுபிடிக்கப்படுகின்றன.

அறுவை சிகிச்சையின் வரலாறு

கணையத்தின் தலையைத் தனியே வெட்டியெடுக்க இயலாது. முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி, பல வேளைகளில் இரைப்பையின் கீழ்ப்பகுதி ஆகியவற்றையும் சேர்த்தே நீக்க வேண்டும். பின்னர் எஞ்சிய கணையம், பித்தக்குழாய், இரைப்பை ஆகிய மூன்றையும் சிறுகுடலுடன் இணைக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும் வேலை இது.

பெர்லின் நகரில் வால்டர் கௌஷ் என்பவர் 1909-ஆம் ஆண்டில் இத்தகைய அறுவையை இரு கட்டங்களாகச் செய்தார். 1935-இல் நியூயார்க் மருத்துவர் ஆலன் விப்பிள் தம் உடன்பணியாளர்களோடு இம்முறையை உலகறியச் செய்தார். பாரசீக நாட்டில் மறைபரப்புப் பணியாற்றிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். இன்றும் இந்த அறுவை அவர் பெயராலேயே 'விப்பிள் அறுவை' என வழங்குகின்றது.

தொடக்கத்தில் இரு கட்டங்களாகச் செய்ததற்குக் காரணம் உண்டு. பித்தம் குடலுக்குச் செல்லாவிடில் வைட்டமின் 'கே' உடலில் சேராது. அது இல்லையேல் இரத்தம் உறையாது. காமாலை நோயாளிகள் அறுவை மேசையிலேயே இரத்தம் பெருகி இறந்தனர். வைட்டமின் 'கே' கண்டறியப்பட்ட பின்னரே ஒரே கட்டத்தில் துணிந்து செய்ய முடிந்தது.

ஆயினும் 1970-களில்கூட இந்த அறுவைக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு இருபது பேர், சில இடங்களில் அதற்கும் மேற்பட்டோர், மருத்துவமனையிலேயே இறந்தனர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 1970-இல், கட்டியை வெட்டியெடுப்பதை விட அடைப்புக்கு மாற்றுவழி அமைப்பதே மேல் என வாதிட்டார். தங்கள் பெரியப்பாவின் அச்சம் வெறும் பிடிவாதம் அன்று. அவருடைய தலைமுறை கண்ட உண்மையின் எதிரொலியே அது. ஆனால் நிலைமை மாறிவிட்டது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் கேமரனும் அவர் குழுவினரும் தொடர்ச்சியாக 145 பேருக்கு இவ்வறுவையைச் செய்து, அறுவையால் ஒருவரும் இறக்கவில்லை என்று 1993-இல் அறிவித்தனர். தேர்ந்த மருத்துவமனைகளில் அறுவையால் நேரும் மரணம் இன்று நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவே.

இரு வாழ்வுகள்

ஒரே உறுப்பில் அறுவை செய்துகொண்ட, உலகறிந்த இருவரை எண்ணிப் பார்ப்போம்.

சிகாகோ பேராயர் கர்தினால் ஜோசப் பெர்னார்டின் 1995 ஜூன் 12-ஆம் நாள் கணையப் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 67. கதிரியக்க சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் பெற்றார். 1996 ஆகஸ்டு இறுதியில் நோய் கல்லீரலில் மீண்டும் தோன்றிவிட்டதைத் தம் மக்களுக்கு அவரே அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் இறையடி சேர்ந்தார். அறுவைக்குப் பின் அவர் வாழ்ந்தது பதினேழு மாதங்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2009 பிப்ரவரியில் அறுவை செய்துகொண்டபோது அவருக்கு வயது 75. முன்பு குடற்புற்றுநோயிலிருந்து மீண்டவராதலால் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துவந்தார். அப்படிப்பட்ட ஒரு பரிசோதனையில் கணையத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏதோ தென்பட்டது. வெட்டியெடுத்துப் பார்த்தபோது அது தீங்கற்றதாக இருந்தது. ஆனால் அருகே, ஸ்கேனில் தெரியாத, அதனினும் சிறிய மற்றொரு கட்டி புற்றுநோயாக இருந்தது! நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருக்கவில்லை. அவர் மேலும் பதினொரு ஆண்டுகள் நீதிபதியாகவே பணியாற்றினார். 2019-இல் கணையத்தில் மீண்டும் கட்டி காணப்பட்டது. 2020 செப்டம்பரில் பரவிய கணையப் புற்றுநோயின் விளைவாகக் காலமானார்.

வயதில் மூத்தவர் நீண்ட காலம் வாழ்ந்தார் என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். வயது ஒன்றே ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. பின் எவை தீர்மானிக்கின்றன?

நோய் கொண்டு வருபவை

முதலாவது, கட்டியின் இனம். கணையத்தில் தோன்றும் கட்டிகளெல்லாம் ஒரே இயல்புடையன அல்ல. பத்தில் ஒன்பது, கணைய நாளத்தின் உட்பூச்சிலிருந்து எழும் கொடிய வகை. இன்சுலின் போன்ற சுரப்புகளைத் தரும் உயிரணுக்களிலிருந்து எழும் வகை பெரும்பாலும் மெதுவாக வளரும். பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாயிலில் தோன்றும் கட்டியும் அதே காமாலையைத் தரும். அதற்கும் அதே விப்பிள் அறுவைதான். ஆனால் அதன் பின்விளைவு கணையக் கட்டியை விட நல்லது. ஆகவே "எங்கள் ஊரில் ஒருவர் இதே அறுவை செய்து பதினைந்து ஆண்டுகள் இருந்தார்" என்றோ, "ஆறு மாதத்தில் போய்விட்டார்" என்றோ கேள்விப்படுவதை வைத்து எதையும் முடிவு செய்யலாகாது. அவருடைய கட்டி எந்த இனம் என்பது நமக்குத் தெரியாது.

இரண்டாவது, அளவும் பரவலும். கட்டி 2 சென்டிமீட்டருக்கு உட்பட்டதா, 4 சென்டிமீட்டரைத் தாண்டியதா என்று மருத்துவர்கள் பிரிக்கின்றனர். அளவை விட முக்கியமானது நிணநீர்க் கணுக்களின் நிலை. வெட்டியெடுத்த பகுதியோடு வரும் கணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்கின்றனர். ஒன்றிலும் நோய் இல்லையெனில் நம்பிக்கை மிகுதி. ஒன்று முதல் மூன்று வரை இருந்தால் அடுத்த நிலை. நான்கும் அதற்கு மேலும் இருந்தால் நோய் மீளும் வாய்ப்பு அதிகம். போதிய எண்ணிக்கையில், அதாவது குறைந்தது பன்னிரண்டு அல்லது பதினைந்து கணுக்களையேனும், ஆராய்ந்தால்தான் இக்கணக்கு நம்பத்தக்கது.

மூன்றாவது, வெட்டுவிளிம்பு. நீக்கிய திசுவின் ஓரத்தில் புற்றணுக்கள் இல்லாதிருப்பதே நோக்கம். ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தூரத்திற்குள்ளும் அணுக்கள் இல்லையெனில் அதனைத் தூய விளிம்பு எனக் கொள்வோர் பலர். கணையத்தை ஒட்டியே குடலுக்கும் கல்லீரலுக்கும் செல்லும் பெரும் இரத்தக் குழாய்கள் ஓடுவதால் இது எளிதன்று. கட்டி அக்குழாய்களைத் தழுவியிருக்குமாயின், முதலில் சில மாதங்கள் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பின்னர் அறுவை செய்யும் முறை இப்போது பரவி வருகின்றது. நெதர்லாந்து நாட்டில் 246 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், மருந்தும் கதிரியக்கமும் முதலில் பெற்றவர்களில் நூற்றுக்கு இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர். நேரே அறுவைக்குச் சென்றவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவே. ஆகவே "உடனே வெட்டாமல் ஏன் தாமதிக்கிறார்கள்?" என்று குடும்பத்தார் பதறலாகாது. அந்தத் தாமதமே சிகிச்சையாக இருக்கலாம்.

நான்காவது, இரத்தக் குறியீடு. 'சி.ஏ. 19-9' எனும் பொருளின் அளவை இரத்தத்தில் பார்ப்பர். 37 அலகு வரை இயல்பு. அறுவைக்குப் பின்னும் அது குறையாமல் உயர்ந்தே இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நோய் எங்கோ எஞ்சியிருக்கிறது என்று ஐயுற வேண்டும். ஆனால் காமாலை இருக்கும்போது புற்றுநோய் இல்லாதவருக்கும் இந்த அளவு ஏறும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்கு இப்பொருள் உடலில் உண்டாவதே இல்லை. எனவே ஒரு தாளிலுள்ள ஓர் எண்ணைக் கண்டு கலங்கவும் வேண்டாம், களிக்கவும் வேண்டாம்.

நம் கையில் உள்ளவை

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். குடும்பத்தார் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

எங்கே, யாரிடம்? அமெரிக்காவில் முதியோர் மருத்துவக் காப்பீட்டின் கீழ் நடந்த அறுவைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. கணைய அறுவையை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல் இறந்தனர். ஆண்டுக்குப் பதினாறுக்கு மேல் செய்யும் மருத்துவமனைகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. வேறு எந்த அறுவையிலும் இவ்வளவு பெரிய வேறுபாடு காண்பது அரிது. காரணம், அறுவை மருத்துவரின் கைத்திறன் மட்டுமன்று. எஞ்சிய கணையத்தைக் குடலோடு தைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது இந்த அறுவையின் பெரும் ஆபத்து. கணையம் மென்மையாகவும் அதன் நாளம் குறுகலாகவும் இருந்தால் கசிவு எளிதில் நேரும். கசிந்த நீர் இரத்தக் குழாயை அரித்துவிட்டால் திடீரெனப் பெருகும் இரத்தத்தை நள்ளிரவிலும் நிறுத்தத் தெரிந்த குழு வேண்டும். அத்தகைய குழு உள்ள இடத்தில் கசிவு ஒரு தொல்லை. இல்லாத இடத்தில் அதுவே மரணம்.

ஆகவே வீட்டை விற்பதற்கு முன், "இவ்வறுவையை இங்கு ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்விக்குச் சினம் கொள்ளமாட்டார். அருகிலுள்ள ஊரில் செய்வதினும், சற்றுத் தொலைவிலுள்ள பெரிய அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ செய்வது மேலாக இருக்கலாம். பணம் மிகுதியாக வாங்கும் இடமே தேர்ந்த இடம் என்று எண்ணற்க. அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்பதையும் விசாரித்தறியுங்கள்.

அறுவைக்கு முன் உடலைத் தேற்றல். எடை குறைந்து வாடிய உடல் பெரும் அறுவையைத் தாங்குவது கடினம். இயன்ற அளவு ஊட்டமான உணவு, நாள்தோறும் நடை, மூச்சுப் பயிற்சி ஆகியவை நலம் தரும். காமாலைக்காக வைத்த பத்தியத்தை உடனே நிறுத்துங்கள். உப்பில்லாக் கஞ்சி இந்நோய்க்கு மருந்தன்று. புகைபிடிப்பவராயின் அன்றே விட வேண்டும். காமாலையை வடிக்கக் குழாய் வைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். விரைவில் அறுவை செய்யக்கூடியவருக்கெல்லாம் வழக்கமாகக் குழாய் வைத்தபோது தொல்லைகளே மிகுந்தன என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அறுவைக்குப் பின் மருந்து. இதுவே நம் குடும்பங்களில் பெரிதும் கைவிடப்படுவது. "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இனி எதற்கு உடலை வருத்துவது?" என்று கேட்பர். கட்டியை எடுத்த பின்னும் கண்காணா அணுக்கள் இரத்தத்தின் வழியே கல்லீரலில் தங்கியிருக்கக் கூடும். ஜெர்மனியில் 354 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், அறுவை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்து பேரே ஐந்தாண்டு கடந்தனர். ஜெம்சிடபின் எனும் மருந்தையும் ஆறு மாதம் பெற்றவர்களில் நூற்றுக்கு இருபத்தொருவர் கடந்தனர். எண்ணிக்கை இருமடங்காயிற்று. பின்னர் பிரான்சிலும் கனடாவிலும் 493 பேரிடம் நடத்திய ஆய்வின் முதல் முடிவு 2018-இல் வெளிவந்தது. பல மருந்துகளைக் கூட்டாகக் கொடுக்கும் முறையில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு நாற்பத்து மூவர். ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களில் முப்பத்தொருவர். இந்தக் கூட்டு மருந்து கடுமையானது. உடல்வலிமை உள்ளவர்களுக்கே உரியது என்பதையும் சொல்ல வேண்டும்.

மருந்தை அவசரமாகத் தொடங்குவதினும் முழுமையாக முடிப்பதே முக்கியம் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகின்றது. உடல் தேறப் பன்னிரண்டு வாரங்கள் வரை காத்திருந்து தொடங்கினாலும் கெடுதி இல்லை. தொடங்கிய ஆறு சுற்றுகளையும் முடிப்பவருக்கே பயன் மிகுதி. இரண்டாம் சுற்றில் வாந்தி எடுத்தார் என்பதற்காக நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குச் செல்வது, பாதி ஆற்றைக் கடந்துவிட்டுப் படகிலிருந்து இறங்குவதற்கு ஒப்பாகும்.

உணவும் செரிமானமும். கணையம் குறைந்தால் செரிமான நீரும் குறையும். மலம் எண்ணெய்ப் பசையோடு வெளிறி, துர்நாற்றத்துடன் மிதக்குமாயின் கொழுப்பு செரிக்கவில்லை என்று பொருள். எவ்வளவு உண்டாலும் உடல் தேறாது. இதற்கெனச் செரிமான நொதி மாத்திரைகள் உண்டு. அவற்றை உணவோடு சேர்த்தே உட்கொள்ள வேண்டும். மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டுக்குப் பதிலாக, ஐந்தாறு முறை சிறிது சிறிதாக உண்பது நல்லது. சர்க்கரை நோய் புதிதாக வரக்கூடும். அதையும் கவனிக்க வேண்டும். மண்ணீரலையும் நீக்கியிருந்தால் சில தடுப்பூசிகள் கட்டாயம் தேவை. குளிரோடு காய்ச்சல் வந்தால் பித்தக்குழாயில் நச்சுத்தொற்று இருக்கலாம். காலை வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க.

தொடர்ந்து பார்த்தல். நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே மீளும். அக்காலத்தில் மருத்துவர் குறித்த தவணை தவறாமல் செல்ல வேண்டும்.

எண்களைப் படிக்கும் முறை

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் கணையப் புற்றுநோய் கண்டவர்களில் நூற்றுக்குப் பதின்மூவரே ஐந்தாண்டு வாழ்கின்றனர். இதைக் கேட்டதும் மனம் தளர்கின்றது. ஆனால் இதில் அறுவைக்கு இயலாதவர்களும் அடங்குவர். அவர்களே மிகப் பெரும்பான்மையினர். நோய் கண்டுபிடிக்கப்படும் வேளையில் அறுவை செய்யத்தக்க நிலையில் இருப்பவர் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர் மட்டுமே. "அறுவை செய்யலாம்" என்று மருத்துவர் சொன்னதே தங்கள் தந்தையார் அந்தச் சிறுபான்மையில் இருக்கக்கூடும் என்பதற்கு அடையாளம்.

ஆய்வுகளில் 'சராசரி இடைக்காலம்' என ஒன்றைக் கூறுவர். நூறு நோயாளிகளை வரிசையாக நிறுத்தினால் ஐம்பதாவது ஆள் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதே அதன் பொருள். எஞ்சிய ஐம்பது பேர் அதைக் கடந்தும் வாழ்ந்தனர். அவர்களில் சிலர் மிக நெடுங்காலம் வாழ்ந்தனர். ஆகவே, "இரண்டாண்டு" என்று ஒருவர் சொன்னால் அது தங்கள் தந்தைக்கு விதிக்கப்பட்ட தவணை அன்று. ஒரு கூட்டத்தின் நடுப்புள்ளி மட்டுமே.

மறுபுறத்தையும் மறைக்கலாகாது. வயிற்றைத் திறந்த பின், ஸ்கேனில் தெரியாத சிறு பரவல் கல்லீரலில் தென்பட்டால், மருத்துவர் கட்டியை எடுக்காமல் பித்தத்திற்கும் உணவுக்கும் மாற்றுவழி மட்டும் அமைத்து மூடிவிடுவார். அது தோல்வி அன்று. வீண் துன்பத்தைத் தவிர்த்த அறிவுடைமை. அறுவையே இயலாதபோதும் காமாலையை நீக்கக் குழாய், வலிக்கு நரம்புத் தடை, மருந்து ஆகிய உதவிகள் உண்டு. அந்நிலையில், குணப்படுத்தும் நோக்கம் இல்லாத பெரும் செலவுக்காக வீட்டை விற்பது அறமாகாது. தம்பியிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

காமாலையும் கீழாநெல்லியும்

மற்ற வாசகர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் மஞ்சட்காமாலை என்றதும் கீழாநெல்லியை நாடுவது மரபு. கிருமியால் வரும் கல்லீரல் அழற்சியில் பெரும்பான்மை சில வாரங்களில் தானே தணிந்துவிடும்; புகழ் மூலிகைக்குச் சேர்கின்றது. பித்தக்குழாய் அடைப்பால் வரும் காமாலையோ எந்த மூலிகைக்கும் தணியாது. மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறமாதல், சிறுநீர் கறுத்தல், உடலெங்கும் அரிப்பு, காய்ச்சலோ வலியோ இன்றி நாளுக்கு நாள் மஞ்சள் ஏறுதல் ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அந்த வாரமே எளிய ஒலியலை ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் வலியும், ஐம்பது வயதுக்கு மேல் எடை குறைவோடு புதிதாக வரும் சர்க்கரை நோயும் கவனிக்கத்தக்கவை. புகையிலை இந்நோயின் வாய்ப்பை ஏறத்தாழ இருமடங்காக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

சகோதரியே, கடந்த இரண்டு மாதங்களை எண்ணித் தங்களையே நொந்துகொள்ள வேண்டாம். அறியாமல் செய்தது குற்றமாகாது. இனி வரும் இரண்டு மாதங்களே முக்கியம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. கட்டி எந்த இனத்தைச் சேர்ந்ததாகத் தோன்றுகிறது?
2. பெரிய இரத்தக் குழாய்களைத் தொட்டிருக்கிறதா? வேறு எங்கும் பரவியிருக்கிறதா?
3. முதலில் மருந்தா, முதலில் அறுவையா? ஏன்?
4. இம்மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை கணைய அறுவைகள் நடைபெறுகின்றன?
5. தந்தையின் இதயமும் நுரையீரலும் பெரும் அறுவையைத் தாங்குமா?
6. அறுவைக்குப் பின் மருந்து எங்கே, எவ்வளவு காலம், எவ்வளவு செலவில்?

இந்த ஆறுக்கும் விடை கிடைத்த பின் குடும்பத்தார் கூடிப் பேசுங்கள். அக்கூட்டத்தில் முதல் இடம் தங்கள் தந்தைக்கு உரியது. நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு உண்மையைக் கற்பித்த ஓர் ஆசிரியரிடம் அவர் உடலைப் பற்றிய உண்மையை மறைப்பது முறையன்று. கத்தி படுவது அவர் உடலில்; மருந்தின் கசப்பைத் தாங்கப் போகிறவரும் அவரே. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டியதில்லை. அவர் கேட்கும் அளவுக்கு, அவர் தாங்கும் வேகத்தில், பொய் கலவாமல் சொல்லுங்கள். பல வீடுகளில் நோயாளிக்கு எல்லாம் தெரிந்தே இருக்கும். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும், அவர் வருந்துவாரே என்று பிள்ளைகளும் மறைத்துக்கொண்டு, பேச வேண்டியவற்றைப் பேசாமலே பிரிந்துவிடுகின்றனர்.

கர்தினால் பெர்னார்டினுக்கு அறுவைக்குப் பின் கிடைத்தவை பதினேழு மாதங்களே என்று கூறினோம். அந்தப் பதினேழு மாதங்களில் அவர் சக புற்றுநோயாளிகளைத் தேடிச் சென்று அவர்கள் அருகில் அமர்ந்தார். கடிதம் எழுதியவர்களுக்கு விடை எழுதினார். தம் நோயைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார். அமைதி ஒரு கொடை எனும் பொருள்படும் தலைப்பில் தாம் எழுதிய நூலை 1996 நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழா அன்று, முடித்தார். பதின்மூன்று நாட்களுக்குப் பின் கண்மூடினார். அறுவை அவருக்கு நீண்ட ஆயுளைத் தரவில்லை. ஆனால் அது தந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. தம் நிலையை முழுதும் அறிந்திருந்ததாலேயே அவரால் அவ்வாறு வாழ முடிந்தது.

தங்கள் தந்தையாருக்கும் அந்த உரிமை உண்டு. இன்று மாலையே அவர் அருகில் அமர்ந்து, "அப்பா, டாக்டர் சொன்னதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்" என்று தொடங்குங்கள்.